மில்பிடாஸில் நான் கற்ற ஜப்பானிய மொழி

எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையோடு பேச முடியாது என்பது அமெரிக்காவில் இறங்கிய அன்றே தெரிந்துவிட்டது.

அம்பத்தூரில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் நான் மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிலிருந்து வரும் இயந்திரங்களோடு தலையணை கனத்தில் கையேடுகள் வரும். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்த விளக்கு சிவப்பானால் எந்தச் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று அவற்றைப் படித்து எழுதிக்கொடுப்பது என் வேலை. அந்தப் பயணத்தின்போது இதைத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜப்பானைப் பார்த்தது கிடையாது. சென்னையில் மாலை வகுப்பில் உட்கார்ந்து படித்த மொழி. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் நமக்கு அது எளிதாகவே படிந்துவிடுகிறது. எழுத்துதான் ஆளைக் கொன்றுவிடும்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் எங்கள் கம்பெனி ஒரு புது இயந்திரம் வாங்கியது. அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க, அதைத் தயாரித்த ஜப்பானியக் கம்பெனிக்காரர்கள் எங்கள் இன்ஜினியர்கள் இருவரை மில்பிடாஸில் இருந்த தங்கள் ஆலைக்கு அழைத்தார்கள். கலிபோர்னியாவில் இருந்தாலும் கற்றுக்கொடுப்பவர் ஒகாடா என்ற ஜப்பானியர்; அவர்கள் வழக்கப்படி பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, ஒகாடா சான். அவருக்கு ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களுக்கு மேல் வராது. எங்கள் ஆட்களுக்கு ஜப்பானிய மொழியில் வணக்கம்கூடத் தெரியாது. நடுவில் நான். மூன்று வாரம்.

என் அண்ணன் செல்வராஜ் அப்போது மில்பிடாஸில்தான் இருந்தார். ஹோட்டல் வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

விமான நிலையத்தில் அண்ணனும், அண்ணி வசந்தியும், அவர்கள் மகள் இந்துவும் நின்றிருந்தார்கள். இந்துவுக்கு ஏழு வயது. நான் அவளைக் கடைசியாகக் கரூரில் பார்த்தபோது மூன்று. அதன் பிறகு ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அண்ணனுக்கு மூன்று வருட வேலை. அந்த ஊரின் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் மண்ணிலும் மழையிலும் விளையாடி வளர்ந்தவள் அவள். போன கோடையில்தான் மில்பிடாஸுக்கு மாற்றலாகி வந்திருந்தார்கள்.

குனிந்து, அவள் கையைப் பிடித்து, என்னால் முடிந்த அழகான ஜப்பானிய மொழியில் பேசினேன். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "தங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். நலமாக உள்ளீர்களா?"

வானொலிப் பெட்டி திடீரென்று தன்னிடம் பேசியதுபோல அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

காருக்குப் போகும் வழியில் அவள் ஷூ கயிறு அவிழ்ந்து கிடந்தது. கட்டு என்று சொல்ல வேண்டும். என் மூளையில் இருந்ததெல்லாம் போல்ட்டுக்கான சொல்தான். "தயவுசெய்து முறுக்கி இறுக்கவும்" என்றேன்.

அவள் ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஓக்கே" என்றாள், ஆங்கிலத்தில். அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு சொல்தான்.

மறுநாள் ஞாயிறு. சாம்பாருக்குப் பருப்பு வேகும்போது அண்ணி ஒரு கடிதத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"மாலதி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. இங்கிலீஷ்ல ஒரு பக்கம் இருக்குது, அது புரிஞ்சுது. பின்னாடி ஜப்பான்ல எச்சா ஏதோ எழுதியிருக்குது. மூணு வருஷம் அங்க இருந்தும் எனக்கு ஒண்ணும் ஒட்டலை, உங்கண்ணனுக்கும் பேசத்தான் வரும், படிக்க வராது. அதுல என்ன இருக்குதோன்னு ஒரு வாரமாப் பொரட்டிப் பொரட்டிப் பாத்துட்டிருக்கேன்."

இந்து படிக்கும் பள்ளியிலிருந்து வந்த கடிதம். சான் ஹொசேயில், வீட்டிலிருந்து ஃப்ரீவே என்ற அதிவேக நெடுஞ்சாலையில் நாற்பது நிமிட தூரத்தில் உள்ள பள்ளி. காலையில் ஜப்பானிய மொழியில் பாடம், சாப்பாட்டுக்குப் பிறகு ஆங்கிலத்தில். ஒன்றாம் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். ஆங்கிலப் பக்கம் பட்டும் படாமலும் இருந்தது. பின்பக்கத்தில் வகுப்பு ஆசிரியை மோரிதா மனம்விட்டு எழுதியிருந்தார். செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு இந்து காலை வகுப்பில் ஒரு முறைகூட வாய் திறந்து பேசவில்லை. மத்தியான ஆங்கில வகுப்பிலும் ஒன்றிரண்டு சொல்தான். வீட்டில் மொழிக்குத் துணை இல்லாத குழந்தையைத் தொடர்ந்து இங்கே வைத்திருப்பது அவளுக்கே பாரமாகிவிடும் என்று அஞ்சுகிறார். மாதக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலுள்ள ஒருவரைப் பற்றிப் பெற்றோர் முன் பேசும் நாள் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் வகுப்பைப் பற்றி முடிவு செய்யலாம்.

நான் படித்து முடித்ததும் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, ஜப்பான்ல இருந்தப்ப இவளுக்கு வாய் ஓயாது தெரியுமா? பக்கத்து வீட்டு நாயோட கூடப் பேசுவா. வந்த மொழி போயிரக் கூடாதுன்னுதான் இந்த ஸ்கூலையே தேடிப் புடிச்சேன்."

"வந்தது போயிருச்சுங்க" என்றார் அண்ணி. "பேசாம பக்கத்துத் தெரு ஸ்கூல்ல போட்ரலாம். அங்கயாவது இவ நோட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு நான் படிச்சுப் பாத்துக்குவேன்."

இந்து ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். டிவியின் சத்தத்தை ஏற்றினாள்.

ஆலையில் என் நாட்கள் வேகமாக ஓடின. ஒகாடா சான் ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். மத்தியானம் அவர் டப்பாவைத் திறந்தால் வெள்ளைச் சோற்றின் நடுவில் சிவப்பாக ஓர் உப்புப் பழம் இருக்கும். ஒன்றை எனக்குக் கொடுத்தார். பல் கூசியது. அண்ணி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தில் அதைப் பிசைந்து சாப்பிட்டேன், நார்த்தங்காய் தோற்றது. அவரும் என் தயிர்சாதத்தில் ஒரு கை அள்ளிப் பார்த்தார். அதன் பிறகு அண்ணி இரண்டு டப்பா கட்ட வேண்டியதாயிற்று.

புதன்கிழமை ஏதோ ஓர் உதிரிபாகம் வராமல் பயிற்சி நின்றது. எனக்கு அரை நாள் கிடைத்தது. அண்ணியோடு பள்ளிக்குப் போனேன். வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கப் பெற்றோருக்கு அனுமதி உண்டு.

வாசலில் சின்னச் சின்ன ஷூக்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. உள்ளே போட வேறு செருப்பு. பிள்ளைகளில் பாதிப் பேர் ஜப்பானியர்கள். மற்றவர்கள் அமெரிக்கர், சீனர், ஒரு கொரியப் பையன். எல்லோரும் எழுந்து நின்று குனிந்து வணங்கினார்கள். மோரிதா ஆசிரியைக்கு முப்பது வயதுகூட இருக்காது. மெலிந்தவர், குரலும் மெல்லியது. ஆனால் பிள்ளைகள் அவர் விரலைப் பார்த்தே அமைதியானார்கள்.

நம் ஊரில் ஒன்றாம் வகுப்பு என்றால் கூட்டமாகக் கத்துவதுதான் படிப்பு. இங்கே ஆளுக்கு ஒரு வரி, எழுந்து நின்று, புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துப் படிக்க வேண்டும். வரி ஒவ்வொருவராகத் தாண்டி வந்தது. இந்துவின் முறை. எழுந்தாள், புத்தகத்தைப் பிடித்தாள், நின்றாள். ஆசிரியை காத்திருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. பழகிப்போன காத்திருப்பு. பத்து எண்ணும் நேரம் கழித்து ஆசிரியை மெல்லத் தலையசைக்க, இந்து உட்கார்ந்தாள், அடுத்த பையன் தொடங்கினான்.

என் பக்கத்தில் அண்ணி கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்.

இந்துவின் நோட்டை எட்டிப் பார்த்தேன். எழுத்துகள் அச்சடித்தது போல இருந்தன. ஒரு தவறு இல்லை. மொழி எங்கேயும் போகவில்லை, வாய்க்குத்தான் வரவில்லை.

இடைவேளையில் பிள்ளைகள் அவளை "இந்தோ சான்" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. ஜப்பானிய மொழியில் இந்தோ என்றால் இந்தியா. ஓ, இதுதான் காரணம், பெயரை வைத்துக் கேலி செய்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். திரும்பும்போது காரில் இந்துவிடம் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணியின் கார் வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டது. ஆலைக்கு போன் செய்தார். "மாலதி, அவரு மீட்டிங்ல இருக்காரு. புள்ளைய எப்படியாச்சும் பிக்கப் பண்ணிட்டு வந்துரு. பஸ் இருக்குதாம்."

ஆலையின் வேன் டிரைவர் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். பஸ் எண்ணைப் பள்ளி அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். இந்துவின் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றேன். எண் சரியாக இருந்த பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். எனக்கு மிகப் பெருமையாக இருந்தது.

அரை மணி கழித்து மலைகள் எதிர்ப்பக்கத்தில் இருப்பதைக் கவனித்தேன். இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. நானோ நாற்பது வருடப் பழக்கத்தில் அம்பத்தூரில் நிற்பதுபோல இடப்பக்கம் போய் நின்றிருக்கிறேன். சரியான பஸ், நேர் எதிரான திசை.

டிரைவரம்மா நல்ல ஆகிருதி, காதில் பெரிய வளையங்கள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "பதறாதே செல்லம். அடுத்தது கடைசி ஸ்டாப். கால் மணி நேரம் நிற்பேன். பிறகு நான்தான் திரும்பிப் போவேன். அப்படியே உட்கார்ந்திரு" என்றார். இறங்கிப் போய் ஒரு காபியோடு வந்தவர், இந்துவுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த வியட்நாம் தாத்தாவை எழுப்பி, அவரும் தன் ஸ்டாப்பைத் தாண்டி வந்துவிட்டதைச் சொன்னார். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரு கட்சியாகிவிட்டோம்.

"பஸ் தப்புன்னு உனக்குத் தெரியுமா?" என்று இந்துவிடம் தமிழில் கேட்டேன்.

தெரியும் என்று தலையை ஆட்டினாள்.

"ஏன் கண்ணு சொல்லலை?"

"யூ டிடின்ட் ஆஸ்க்."

எஞ்சின் நின்ற பஸ்ஸில் சத்தமே இல்லை. அவள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, பையை மடியிலிருந்து தள்ளி, கால்களை நீட்டி, பெரிய மூச்சு விட்டாள். "தைகீ" என்றாள்.

சொன்ன மறுகணமே உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அது ஜப்பானிய மொழி என்பது ஒலியிலேயே தெரிந்தது. ஆனால் பொருள் தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காத சொல். பையிலிருந்து நோட்டை எடுத்தேன். "தயவுசெய்து மீண்டும் கூறவும். எனக்கு அந்தச் சொல் தெரியாது" என்று என் வானொலி ஜப்பானிய மொழியில் கேட்டேன்.

கை வாயைவிட்டு இறங்கியது. "தெரியாதா?" என்றாள், ஜப்பானிய மொழியில். "பெரியவங்கதானே நீங்க?"

"தெரியாது. என் அகராதியில் இல்லை."

நான் கேலி செய்கிறேனா என்று கொஞ்ச நேரம் என் முகத்தைப் படித்தாள். பிறகு நோட்டை வாங்கி அவளே எழுதினாள். எப்போது அதைச் சொல்வது என்று விளக்கினாள். மழை நாளில் காப்பகத்துப் பொம்மைகளையெல்லாம் எடுத்துவைக்கச் சொல்லும்போது. பல் தேய்க்க வேண்டியிருக்கும்போது. பஸ் நின்றுகொண்டே இருக்கும்போது.

"அலுப்பா இருக்குது" என்றேன் நான் தமிழில்.

"அம்மா சொல்ற மாதிரி" என்றாள் அவள் ஜப்பானிய மொழியில். பிறகு நிறுத்தவே இல்லை. பஸ் திரும்பிப் புறப்பட்டது, வியட்நாம் தாத்தா கையசைத்து இறங்கினார், நாங்கள் இறங்கி இன்னொரு பஸ் மாறினோம், பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. நான் பாதியைப் புரிந்துகொண்டேன், பாதியை எழுதிக்கொண்டேன். ஊஞ்சலுக்கு என்ன சொல், மூக்கு ஒழுகுவதற்கு என்ன சொல், ஷூ கயிற்றைக் கட்ட என்ன சொல் என்று எல்லாம் வந்தது. முறுக்கி இறுக்கவும் என்று நான் சொன்னதை நினைவுபடுத்தி, சீட்டில் புரண்டு சிரித்தாள். வாக்கியத்துக்கு வாக்கியம் "ஜகே, ஜகே" என்று ஒன்று வந்தது. "அதனால" என்று பொருளாம்.

வீட்டுத் தெரு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இதெல்லாம் ஸ்கூல்ல சொல்லிடாதீங்க. அது தப்பான ஜப்பான் மொழி."

"யார் சொன்னது?"

கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். மறுபடி "ஓக்கே"வுக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒகாடா சானிடம் கேட்டேன். "தைகீ" என்றதும் சோற்றுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். "யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று சிரித்துக்கொண்டே, அடுத்த மேசையிலிருந்த ஓர் இளைஞரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஹிரோஷிமாக்காரராம். நான் மறுபடி சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார் அவர்.

"இது எங்கள் ஊர்ப் பேச்சு" என்றார். "டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்வதை விட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்."

என் சாப்பாடு அப்படியே நின்றுவிட்டது. கரூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்து, ஹாஸ்டலில் முதல் நாள் "ஏனுங்க, தண்ணி எங்க வருமுங்க?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. குழாயடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. அது இன்னும் மோசம். தினமும் காலையில் "ஏனுங்க, ஏனுங்க" என்று எனக்கு வணக்கம் சொன்னார்கள். அந்தப் பருவம் முழுக்க நான் கேட்ட கேள்விக்கு மட்டும், அதுவும் புத்தகத் தமிழில் பதில் சொன்னேன். எனக்கு அப்போது பதினேழு வயது. இந்துவுக்கு ஏழு.

மாலையில் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நான் பேசறதும் அதுதானா? எங்க மேனேஜர் நான் வாயைத் தொறந்தாலே சிரிக்கறாரே, அதுக்குத்தானா?" அவர் அறிந்த ஜப்பானிய மொழியே அந்தத் தொழிற்சாலையில் காதால் கேட்டதுதான். வேறொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அண்ணி சிரிக்கவில்லை. "நாளைக்கே அந்த டீச்சரைப் பாக்கோணும். நீ வா."

வியாழக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு, இந்து வெளியே ஊஞ்சலில் ஆட, அந்தச் சின்ன நாற்காலிகளில் முழங்கால் முகத்தைத் தொட அண்ணியும் நானும் ஆசிரியையும் உட்கார்ந்தோம். அண்ணி தமிழில் பேசினார், நான் மாற்றிச் சொன்னேன்.

"என்ற பொண்ணு ஊமையில்லைங்க. அவளுக்குத் தெரிஞ்ச ஜப்பான் பேச்சு வேற ஊர்ப் பேச்சாம். அது தப்புன்னு அவளுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. அதான் பேச மாட்டேங்கறா. அவ படிக்கறது, பேசறது ஒண்ணும் எனக்குத் தெரியாது. அவ வாயை மூடிக்கிட்டது மட்டுந்தான் எனக்குத் தெரியுது."

ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் சொன்னேன். மோரிதா கைகளை மடியில் வைத்துக் கேட்டார்.

"யாரோ அல்ல, நான்தான்" என்றார். "முதல் வாரம், பெருக்கும் நேரத்தில் அவள் தைகீ என்றாள். இங்கே அப்படிச் சொல்வதில்லை என்று, சரியான சொல்லைப் பலகையில் எழுதி வகுப்பு முழுவதையும் மூன்று முறை சொல்ல வைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நல்ல பாடம் நடத்திவிட்டதாக அன்று எனக்குச் சந்தோஷம்." எழுந்து நின்று அண்ணிக்கு ஆழமாகக் குனிந்தார். அண்ணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகூப்பினார், பிறகு அவர் தோளைத் தொட்டார்.

ஆனாலும் ஆசிரியை ஒன்றில் உறுதியாக இருந்தார். "அவள் குரலைக் கேட்காமல், கேட்டதாக நான் எழுத முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை எந்த ஊர்ப் பேச்சில் வேண்டுமானாலும் பேசட்டும். பேசட்டும், அது போதும்."

ரிப்பேராகி வந்திருந்த காரில் ஏறி, இந்து ஊஞ்சலை விட்டு வரும்வரை அண்ணி சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். "நல்ல பொண்ணுதான் அந்த டீச்சர். ஆனா மாலதி, இவ பேசினாலும் நான் மாத்திரலாம்னுதான் பாக்கறேன். இவ இங்க நல்லாப் படிக்கப் படிக்க எங்கிட்ட இருந்து தள்ளித் தள்ளிப் போறா. இன்னிக்கு என்ன கண்ணு நடந்துச்சுன்னா 'நத்திங்'ங்கறா. நத்திங் சொல்றதுக்கா ஒரு புள்ளை?"

இந்து ஓடிவந்து பின்சீட்டில் ஏறினாள். அண்ணி சாவியைப் போட்டார்.

அந்த வாரம் இந்து என்ன பேசப்போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் உதவுகிறேன் என்றேன். "உங்களுக்கே தெரியாதே" என்றாள், நியாயமாக. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, உள்ளே பேசிப் பார்த்தாள். சனிக்கிழமை மில்பிடாஸில் ஓர் இந்திய ஹோட்டலில் தோசை சாப்பிட்டோம். தோசை மேசையைவிட நீளமாகவும் சாம்பார் பாயசத்தின் இனிப்போடும் இருந்தது. பரிமாறியவர் திருநெல்வேலிக்காரர். அண்ணன் பேச்சைக் கேட்டு "நீங்க கோயமுத்தூர்ப் பக்கமா?" என்றார். "கரூருங்க" என்றார் அண்ணன். இந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஹவ் டிட் ஹி நோ?" என்று அப்பாவிடம் கேட்டாள். பேச்சிலேயே தெரியும் என்றார் அண்ணன். அவர் சிரித்தாரா என்று கேட்டாள். இல்லை, சட்னி இன்னொரு கரண்டி போட்டார் என்றார் அண்ணன். அதை அவள் வெகுநேரம் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை ஒகாடா சான் எனக்கு மத்தியானத்தோடு விடுப்பு கொடுத்தார். மறுநாள் எனக்கு ஊருக்கு விமானம். வகுப்பின் பின்சுவரோரம் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். ஒருவன் மீன் பிடிக்கும் மாமாவைப் பற்றி, ஒருத்தி இரட்டைத் தம்பிகளைப் பற்றி. ஒன்பதாவதாக இந்து.

நின்றாள். பழைய காத்திருப்பு. பத்து எண்ணும் நேரம் தாண்டியது. ஆசிரியை இந்த முறை தலையசைக்கவில்லை.

இந்து பேசினாள். அந்தப் பேச்சைத் தமிழில் சொல்வதானால் எங்கள் ஊர்த் தமிழில்தான் சொல்ல வேண்டும்.

"எங்கம்மா தெனமும் காலைல ஃப்ரீவேல என்னைக் கூட்டிட்டு வருவாங்க. அம்மாவுக்கு ஃப்ரீவேன்னாப் பயம். பெரிய லாரி பக்கத்துல வந்தா 'முருகா'ம்பாங்க. நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவேன். ஆனா தூங்க மாட்டேன். அம்மா பயப்படறாங்க, ஜகே..."

முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை களுக்கென்று சிரித்தது. இந்து நின்றாள். அவள் கை வாயை நோக்கிப் பாதிவழி போனதைப் பார்த்தேன். அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

"ஜகே" என்றாள் மறுபடியும், இன்னும் உரக்க, அந்தக் குழந்தையைப் பார்த்தே. "அம்மா பயப்படறாங்க, அதனால நான் முழிச்சுட்டு இருக்கோணும். ஸ்கூலு வந்ததும்தான் எனக்கு நிம்மதி. அம்மா திரும்பித் தனியாப் போவாங்களே, அப்ப யாரு முழிச்சுட்டு இருப்பாங்க? அதை நெனைச்சா எனக்குப் பாடம் ஏறாது. அவ்வளவுதான்."

குனிந்து வணங்கிவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கைதட்டல். மோரிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகையை எதற்கோ துடைத்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அண்ணி என் முழங்கையைப் பிடித்தார். "என்ன சொன்னா? முருகான்னாளே? என்னையப் பத்தியா?"

அந்த வண்டியில் அத்தனை முறை போய் வந்தும் அண்ணிக்கு ஃப்ரீவே பயம் என்பதை நான் கவனித்ததே இல்லை. அவர் காதோடு வரிக்கு வரி சொன்னேன். என் தொழிலில் இதுவரை இவ்வளவு கவனமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. முடித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்த தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நத்திங் நத்திங்னாளே" என்றார் கடைசியில். "இத்தனை இருந்துச்சா?"

எல்லாம் முடிந்ததும் மோரிதா எங்களிடம் வந்தார். இரண்டாம் வகுப்புப் பட்டியலில் இந்துவின் பெயரை இன்றே எழுதிவிடுவேன், நீங்கள் சம்மதித்தால், என்றார்.

"செப்டம்பர்ல நானே கொண்டாந்து விடறேன்னு சொல்லு" என்றார் அண்ணி. "இந்த எழுத்தையும் சித்த எனக்குக் கத்துக் குடுப்பாங்களான்னு கேளு. அவ நோட்டை நானே படிக்கோணும்."

சொன்னேன். சனிக்கிழமைகளில் பெற்றோருக்கு ஒரு வகுப்பு இருக்கிறது, இதுவரை மூன்று பேர்தான் வருகிறார்கள் என்று மோரிதா மலர்ந்தார்.

பிறகு அந்தப் பள்ளியின் வழக்கப்படி வகுப்பைத் துடைக்கும் நேரம். அன்று பெற்றோருக்கும் ஆளுக்கொரு ஈரத் துணி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணி தரையில் முட்டி போட்டார். பக்கத்தில் இந்து வந்து நின்று, அம்மா துடைக்கும் விதம் சரியில்லை என்று ஹிரோஷிமாப் பேச்சில் படபடவென்று சொன்னாள்: குறுக்காக இல்லை, நேராக, சுவரிலிருந்து சுவர்வரை.

"ஏ புள்ள, எனக்குத் தெரியும், தள்ளிப் போ" என்றார் அண்ணி, கரூர்த் தமிழில்.

தள்ளிப் போகாமல் அவளும் முட்டி போட்டாள். இருவரும் ஒரே சுவரிலிருந்து புறப்பட்டார்கள். அவள் ஏதோ சொன்னாள், அவர் ஏதோ சொன்னார், நடுவழியில் இருவரும் சிரித்தார்கள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை யாரும் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.